குறிப்பறிதல் யாருடைய வேலை?

ஆடி மாதத்துக் கடைசி ஞாயிறு. தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடி. வீட்டாருக்குத் துணையாகப் போன நான், வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருந்த ஸ்டூல் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். எதிர் கவுன்ட்டரில் ஓர் அம்மா, கல்யாணப் பெண்ணான மகள், மகளின் வருங்கால மாமியார். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் சீருடைப் புடவையில் நின்ற பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம்.

ஜவுளிக்கடையில் வழக்கமாக வரும் முதல் கேள்வி, "என்ன ரேஞ்சுல பாக்குறீங்க?" அவள் அதைக் கேட்கவில்லை. சம்பந்தியம்மாள் பக்கத்தில் நிற்கும்போது பெண்ணைப் பெற்றவள் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? மூன்று விலையில் மூன்று புடவைகளை விரித்துப் போட்டுவிட்டுச் சும்மா நின்றாள். அம்மாவின் கை விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு எங்கே தயங்கியது, மகளின் கண் எந்தப் புடவையில் ஒரு நொடி கூடுதலாக நின்றது என்பதைக் கவனித்தாள். மாமியார், "பார்டர் இன்னும் பெருசா இருந்தா எடுப்பா இருக்கும்" என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "எடுப்பாத்தாம்மா இருக்கும். ஆனா அக்கா உயரத்துக்கு இந்தச் சின்ன பார்டர்லதான் மடிப்பு நிக்கும்" என்று இலைப்பச்சையை மேலே எடுத்துப் போட்டாள். மகளுக்குப் பிடித்த நிறம், அம்மாவுக்குக் கட்டுப்படியாகும் விலை. மாமியாருக்கும் முகம் சுருங்கவில்லை.

ஆனாலும் அவர்கள், "ஒரு ரவுண்டு பாத்துட்டு வர்றோம்" என்று எழுந்து போய்விட்டார்கள். கவுன்ட்டரில் முப்பதுக்கும் மேற்பட்ட புடவைகள் குவிந்து கிடந்தன. நடந்துகொண்டே மாடியைக் கண்காணித்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர், நிற்காமலே கேட்டார்: "ஏன் விட்ட?" அவள் பதில் சொல்லாமல் மடிக்க ஆரம்பித்தாள். நான்காவது புடவை மடியும்போது அடுத்த குடும்பம் வந்துவிட்டது. முகம் மறுபடி மலர்ந்தது. "வாங்கம்மா."

அந்தப் பதினைந்து நிமிடங்களில் அவள் செய்த வேலைக்கு உளவியலில் ஒரு பெயர் உண்டு. ஆசிரியர் பயிற்சிப் பாடநூல்கள் அதை மனவெழுச்சி நுண்ணறிவு என்கின்றன. இந்தக் கட்டுரையில் சுருக்கமாக உணர்வறிவு என்று சொல்லிக்கொள்வோம். பெரிய நிறுவனங்களில் இப்போது இதற்குப் பயிலரங்குகள் நடக்கின்றன, தேர்வுகள் வைக்கப்படுகின்றன, ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் இதற்கென்று ஒரு கட்டம்கூட இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான்: உணர்வறிவு என்பது ஊழியருக்குள் இருக்கும் ஒரு திறமை; குறைவாக இருந்தால் பயிற்சி கொடுத்துக் கூட்டலாம். மூன்று பத்தாண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் இது பாதி உண்மை என்றே படுகிறது. அந்தத் திறமையை யாரிடம் கேட்கிறோம், யாரிடம் கேட்காமல் விட்டுவிடுகிறோம் என்பதில் இருக்கிறது மீதிப் பாதி.

ஒரு சொல்லின் பயணம்

யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் சலோவியும் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மேயரும் 1990இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டது. 1997இல் அவர்கள் உணர்வறிவை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். பிறர் முகத்திலும் குரலிலும் தன் மனத்திலும் உள்ள உணர்ச்சியைக் கண்டுகொள்வது முதல் படி. அந்த உணர்ச்சியைச் சிந்தனைக்குத் துணையாக்கிக்கொள்வது இரண்டாவது. ஓர் உணர்ச்சி எதிலிருந்து பிறக்கிறது, எதுவாக மாறும் என்று புரிந்துகொள்வது மூன்றாவது. தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் கையாள்வது நான்காவது. விலைச்சீட்டில் தயங்கிய கையைக் கண்டது முதல், மாமியாரை நோகாமல் திருப்பியது வரை, நான்கு படிகளையும் அந்தக் கவுன்ட்டரில் பார்க்கலாம்.

இதைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே கொண்டுவந்தவர் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் அறிவியல் எழுதிக்கொண்டிருந்த டேனியல் கோல்மன். 1995இல் வெளியான அவருடைய புத்தகம் உலகெங்கும் விற்றது. அறிவுத்திறன் எண்ணைவிட உணர்வறிவு முக்கியமாக இருக்கலாம் என்று அதன் துணைத்தலைப்பே சொன்னது. தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கியவர் அலுவலகத்தில் தடுமாறுவதையும், சுமாராகப் படித்தவர் பத்துப் பேரை அணைத்துக்கொண்டு போவதையும் பார்த்திருந்த மேலாளர்களுக்கு இது தங்கள் மனத்தில் இருந்ததை யாரோ எழுத்தில் வைத்ததுபோல இருந்தது. ஆனால் கோல்மன் கையில் அந்தச் சொல் பெருத்துவிட்டது. ஊக்கம், விடாமுயற்சி, நேர்மை, தலைமைப் பண்பு எல்லாம் அதற்குள் வந்து சேர்ந்தன. மேலாண்மை உளவியலாளர் எட்வின் லாக் 2005இல் எழுதிய கடுமையான விமர்சனத்தின் சாரம், இத்தனையையும் உள்ளடக்கும் சொல் எதையும் துல்லியமாகக் குறிக்காது என்பதே.

அளப்பதிலும் சிக்கல் உண்டு. மேயர், சலோவி, டேவிட் கருசோ மூவரும் உருவாக்கிய தேர்வில் 141 கேள்விகள். முகப் படத்தைக் காட்டி அதில் என்ன உணர்ச்சி தெரிகிறது என்று கேட்கும் வகைக் கேள்விகள் அதில் இருக்கும். பதில் சரியா தவறா என்று மதிப்பிடலாம். ஆனால் நிறுவனங்களில் அதிகம் புழங்குவது வேறு வகை. "மற்றவர்களின் உணர்வுகளை நான் எளிதில் புரிந்துகொள்வேன்" என்பது போன்ற வாக்கியத்துக்கு எதிரே ஒன்று முதல் ஐந்து வரை ஊழியரே தனக்கு மதிப்பெண் போட்டுக்கொள்வார். பிறர் மனம் புரியாதவருக்குத் தனக்குப் புரியவில்லை என்பதும் புரியாதே. அவர் தயங்காமல் ஐந்தைச் சுற்றிவிட்டுப் போவார். இப்படிப்பட்ட படிவத்தை வைத்துப் பதவி உயர்வு முடிவாகும் என்றால் மற்றவர்களும் ஐந்தைத்தான் சுற்றுவார்கள்.

எல்லா வேலைக்கும் பொருந்துமா?

உணர்வறிவு மிகுந்தவர் வேலையையும் நன்றாகச் செய்வாரா? டானா ஜோசப், டேனியல் நியூமன் இருவரும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியிட்ட பகுப்பாய்வு இதற்கு நிதானமான பதிலைத் தருகிறது. வாடிக்கையாளர், நோயாளி, பயணி என்று மனிதர்களை நேருக்கு நேர் சந்தித்து, தன் முகத்தையும் குரலையும் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டிய வேலைகளில் உணர்வறிவு செயல்திறனோடு கைகோத்துப் போகிறது. அப்படிப்பட்ட தேவை குறைந்த வேலைகளில் அந்தப் பலன் காணோம். உறவு இலேசாக எதிர்த்திசையில்கூடச் சாய்கிறது. எந்திரப் பழுது பார்ப்பவரும் கணக்குச் சரிபார்ப்பவரும் சக ஊழியரின் முகத்தைப் படிப்பதில் கவனத்தைச் செலவிட்டால் கையில் இருக்கும் வேலை பின்தங்கக்கூடும்.

இந்த முடிவின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். உணர்வறிவு அதிகம் பயன்படும் வேலைகள் எவை? விற்பனைப் பெண், செவிலியர், பேருந்து நடத்துநர், கால் சென்டர் ஊழியர், வங்கிக் கவுன்ட்டர் எழுத்தர், விமானப் பணிப்பெண். இவற்றில் பெரும்பாலானவை அமைப்பின் கீழ்ப்படிகளில் இருப்பவை. பல வேலைகளில் பெண்களே அதிகம். காலை ஏழு மணிக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டும் பயணியிடம் சில்லறைக்குச் சண்டை வராமல் பார்த்துக்கொள்ளும் நடத்துநரின் சாமர்த்தியத்தை இயல்பான குணம் என்று சொல்லிவிட்டு நாம் இறங்கிப் போய்விடுகிறோம். அதே சாமர்த்தியம் மேலாளரிடம் இருந்தால் தலைமைப் பண்பு என்கிறோம், அதற்குச் சம்பளமும் தருகிறோம்.

சிரிப்பின் செலவு

இந்த ஏற்றத்தாழ்வை முதலில் கூர்மையாகப் பார்த்தவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷைல்ட். உணர்வறிவு என்ற சொல் பரவுவதற்கு முன்பே, 1983இல் வெளியான நூலில் அவர் 'உணர்ச்சி உழைப்பு' என்ற கருத்தை முன்வைத்தார். டெல்டா விமான நிறுவனத்தின் பயிற்சி வகுப்புகளில் அவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். கத்துகிற பயணியை முதன்முறை விமானம் ஏறிப் பயந்துபோன குழந்தையாக நினைத்துக்கொள்ளுங்கள், அவர் வீட்டில் ஏதோ துக்கம் நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் அங்கே பணிப்பெண்களுக்குச் சொல்லித் தந்தார்கள். கோபத்தை அடக்குவதோடு நில்லாமல், கோபமே வராதபடி மனத்தைத் திருப்புவதற்கான பயிற்சி அது.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பின்வந்த ஆய்வுகளுக்கு அடிப்படையானது. உள்ளே எரிச்சல் இருக்க, முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொள்வது மேற்பூச்சு நடிப்பு. எதிரே இருப்பவரைப் பார்க்கும் கோணத்தையே மாற்றி, உணர்ச்சியையே மாற்றிக்கொள்வது ஆழ்ந்த நடிப்பு. மேற்பூச்சு நடிப்பு மனச்சோர்வோடும் வேலையில் பிடிப்புக் குறைவதோடும் தொடர்புடையது என்பதை 2011இல் ஊட்டே ஹூல்ஷெகரும் அன்னா ஷேவேயும் வெளியிட்ட தொகுப்பாய்வு காட்டுகிறது. ஆழ்ந்த நடிப்புக்கு அத்தனை பாதிப்பு இல்லை. ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸின் சோதனைகளும் இதோடு ஒத்துப்போகின்றன. உணர்ச்சியை வெளியே காட்டாமல் அடக்கச் சொன்னால் முகம் அடங்குகிறது; உள்ளே வேதனை குறைவதில்லை, உடலின் பதற்றம் கூடுகிறது. அடக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் கேட்டதும் கண்டதும் சரியாக நினைவில் நிற்பதில்லை என்பதையும் அவர் கண்டார். வாடிக்கையாளர் திட்டும்போது முகத்தைச் சிரித்தபடி வைத்திருக்கும் ஊழியர், அவர் கேட்ட பொருளை மறந்துபோவதற்கு அலட்சியம் மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் எல்லோருக்கும் ஆழ்ந்த நடிப்பைக் கற்றுக்கொடுத்துவிட்டால் போதுமா? அதற்கும் விலை உண்டு என்றார் ஹாக்ஷைல்ட். எதிரே கத்துபவரைக் குழந்தை என்று நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பவருக்கு, தன் கோபம் நியாயமானதா என்று கேட்டுப் பார்க்கும் பழக்கமே விட்டுப்போகலாம். கோபம் என்பது நமக்கு ஏதோ தவறு இழைக்கப்படுகிறது என்று மனம் அனுப்பும் தகவல். அந்தத் தகவலை நிறுவனத்தின் வசதிக்காகத் திருத்திக்கொண்டே போனால், நிஜமாகவே தவறு நடக்கும்போதும் மனம் மௌனமாகிவிடும்.

அந்த நூலில் ஒரு சம்பவம் வருகிறது. ஒரு பயணி விமானப் பணிப்பெண்ணிடம், ஏன் சிரிக்கவில்லை என்று கேட்கிறார். நீங்கள் முதலில் சிரியுங்கள், பிறகு நான் சிரிக்கிறேன் என்கிறாள் அவள். அவர் சிரிக்கிறார். சரி, அதை அப்படியே பதினைந்து மணி நேரம் வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு அவள் போய்விடுகிறாள்.

மேலே போகப் போக

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற தலைப்பு இரண்டு அதிகாரங்களுக்கு உண்டு. 110ஆம் அதிகாரம் காமத்துப்பாலில் வருகிறது. அங்கே காதலர் ஒருவர் மனத்தை ஒருவர் கண்ணில் படிக்கிறார்கள். 71ஆம் அதிகாரம் பொருட்பாலில், அமைச்சியலில் வருகிறது. அங்கே குறிப்பறிய வேண்டியவர் அமைச்சர், அறியப்படுவது அரசனின் மனம். காதலில் இருவருக்கும் பொதுவாக இருக்கும் வேலை, அரண்மனையில் கீழிருப்பவரின் கடமையாகிறது. இன்றைய அலுவலகத்திலும் காலை பத்து மணிக்கு, "இன்னைக்கு சார் மூடு எப்படி?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்பவர்கள் ஊழியர்கள்தாம். அலுவலக உதவியாளரின் மூடு எப்படி என்று சார் யாரிடமும் கேட்பதில்லை.

இதற்கு உளவியல் காரணம் இருக்கிறது. ஆடம் கலின்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களில் சிலரைத் தாங்கள் பிறர்மீது அதிகாரம் செலுத்திய ஒரு தருணத்தை நினைத்து எழுதச் சொன்னார்கள். வேறு சிலரைத் தங்கள்மீது பிறர் அதிகாரம் செலுத்திய தருணத்தை. பிறகு எல்லோரையும் தங்கள் நெற்றியில் ஆங்கில 'ஈ' எழுத்தை வரையச் சொன்னார்கள். எதிரே இருப்பவர் படிக்கும்படி வரையாமல், தன் பக்கத்திலிருந்து சரியாகத் தெரியும்படி வரைந்தவர்கள் அதிகாரத்தை நினைத்துக்கொண்ட குழுவில் ஏறத்தாழ மூன்று மடங்கு. முகப் படங்களைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்லும் சோதனையிலும் அதிகார நினைவில் இருந்தவர்கள் கூடுதலாகத் தவறினார்கள். சில நிமிட நினைவுக்கே இந்த விளைவு என்றால், இருபது ஆண்டு நாற்காலிக்கு எவ்வளவு இருக்கும் என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. அடுத்தவர் மனத்தைப் படித்தால்தான் பிழைக்க முடியும் என்ற நெருக்கடி இல்லாதவரிடம் அந்தப் பழக்கம் துருப்பிடித்துவிடுகிறது.

குறள் மேலிருப்பவரைச் சும்மா விட்டுவிடவில்லை. 39ஆம் அதிகாரமான இறைமாட்சி, அரசன் எளிதில் அணுகத் தக்கவனாக இருக்க வேண்டும், காதுக்குக் கசக்கும் சொல்லையும் பொறுக்க வேண்டும் என்கிறது. 57ஆம் அதிகாரத்தின் தலைப்பே வெருவந்த செய்யாமை: கீழிருப்பவர்கள் அஞ்சி நடுங்கும்படி நடந்துகொள்ளாமை. கீழே குறிப்பறிதல், மேலே கசப்பைப் பொறுத்தல். நம் அலுவலகங்கள் முதல் பாதியைப் பயிலரங்கில் கற்பிக்கின்றன. இரண்டாம் பாதியை மேலாளரின் நல்ல குணத்துக்கு விட்டுவிடுகின்றன.

அப்படி விட்டுவிடுவதன் நட்டத்தை ஆமி எட்மண்ட்சனின் ஆய்வு காட்டுகிறது. இரண்டு மருத்துவமனைகளில் எட்டுப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை அவர் ஆராய்ந்தார். ஒற்றுமையாக இயங்கும், தலைமைச் செவிலியர் நல்லவராக இருக்கும் பிரிவில் பிழைகள் குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல பிரிவுகளில்தான் பதிவான பிழைகள் அதிகம். காரணத்தைத் தேடிப் போனபோது, அங்கே பிழையைச் சொல்ல யாரும் பயப்படவில்லை என்பது தெரிந்தது. திட்டு விழும் பிரிவுகளில் பிழைகள் பதிவேட்டுக்கு வராமலே மறைந்துபோயின. 1996இல் வெளியான இந்த ஆய்வைத் தொடர்ந்து, 1999இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களைப் பார்த்து, 'உளவியல் பாதுகாப்பு' என்ற கருத்தை அவர் விரித்தெழுதினார். கேள்வி கேட்டாலோ தவற்றை ஒப்புக்கொண்டாலோ தனக்கு அவமானம் நேராது என்று குழுவில் எல்லோரும் நம்பும் நிலை அது. கூகுள் நிறுவனம் தன் 180 குழுக்களை ஆராய்ந்தபோதும், சிறந்த குழுவைத் தீர்மானிப்பதில் முதலிடம் பெற்றது இதுவே. குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பது அவ்வளவு கணக்கில் வரவில்லை.

மென்பொருள் அலுவலகம் ஒன்றின் காலைக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "எல்லாம் ஓகேதானே?" என்கிறார். 'தானே' என்ற அந்த ஒற்றைச் சொல்லில் பதில் முடிந்துவிட்டது. மூன்று நாளாக ஒரு கோளாறோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் இளைஞரும் தலையாட்டுவார். "இந்த வாரம் நம்மளைக் கவுக்கப்போறது எதுன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, முதல் பதில் வரும்வரை அவர் வாய்மூடிக் காத்திருந்தால், அதே இளைஞர் பேசக்கூடும். பேசும் துணிச்சல் வந்ததற்கு அந்த இளைஞரின் உணர்வறிவு திடீரென்று வளர்ந்தது காரணமில்லை. கேட்கப்பட்ட விதம் மாறியதே காரணம்.

சட்டத்தின் பக்கம்

ஊழியரின் உணர்ச்சியை வேலைச் சூழலின் பகுதியாகப் பார்க்கும் வழக்கம் சட்டங்களிலும் மெதுவாக நுழைகிறது. தென்கொரியா தன் தொழில் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி 2018 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வாடிக்கையாளரின் வசையால் ஊழியரின் உடல்நலம் கெடும் நிலை வந்தால், வேலையைத் தற்காலிகமாக நிறுத்துவது, வேறு பணிக்கு மாற்றுவது போன்ற நடவடிக்கை எடுப்பது முதலாளியின் பொறுப்பு. அதைக் கேட்ட ஊழியரைப் பழிவாங்கக் கூடாது. ஜப்பானில் டோக்கியோ பெருநகர அரசு, வாடிக்கையாளர் தொல்லையைத் தடுக்கும் உள்ளூர்ச் சட்டம் ஒன்றை 2025 ஏப்ரலில் நடைமுறைப்படுத்தியது. வாடிக்கையாளரைத் தெய்வமாகக் கொண்டாடிய நாட்டில் இப்படி ஒரு சட்டம் வந்தது சாதாரண விஷயமில்லை.

நம் ஊரில் இதற்கு நெருக்கமாக வருவது உட்காரும் உரிமை. கோழிக்கோட்டில் 'பெண்கூட்டு' அமைப்பு நடத்திய போராட்டங்களுக்குப் பிறகு, கேரளம் 2018இல் கடை ஊழியர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு 2021இல், 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்தது. ரங்கநாதன் தெருவின் கடை ஊழியர்கள் வாழ்க்கையை 2010இல் வசந்தபாலன் 'அங்காடித் தெரு'வில் படமாக்கி, பதினோரு ஆண்டுகள் கழித்து வந்த திருத்தம் அது. பார்வைக்கு இது காலுக்கான சட்டம். ஆனால் கால் வலியோடு சிரிக்க வேண்டியிருப்பது மேற்பூச்சு நடிப்பு அல்லாமல் வேறென்ன?

ஆகவே ஒரு நிறுவனம் ஊழியர்களின் உணர்வறிவை வளர்க்க விரும்பினால், பயிலரங்குக்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில உண்டு. கத்துகிற வாடிக்கையாளரிடமிருந்து ஐந்து நிமிடம் விலகி நிற்க ஊழியருக்கு அனுமதி உண்டா? மேலாளரின் மதிப்பீட்டில், அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் எழுதும் பகுதி இருக்கிறதா, அது அவருடைய சம்பள உயர்வைத் தொடுகிறதா? போன மாதம் தவற்றை ஒப்புக்கொண்ட கடைசி ஆளுக்கு என்ன நடந்தது? மூன்றாவது கேள்விக்கான பதிலை அந்த அலுவலகத்தில் வேலை பார்க்கும் எல்லோரும் அறிவார்கள். எந்தப் பயிற்சியாளர் வந்து எத்தனை ஸ்லைடு போட்டாலும், அவர்கள் நடந்துகொள்வது அந்தப் பதிலின்படிதான்.

அன்று அந்தக் கடையில் எங்களுக்குப் பில் போட நேரமானது. சட்டப்படி போட வேண்டிய ஸ்டூல் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கமும் ஒன்று இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அதன்மேல், விரித்துப் பார்த்துவிட்டு யாரும் எடுக்காத புடவைகள் இடுப்புயரத்துக்கு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கூட்டம் சற்று ஓய்ந்திருந்தது. அந்தப் பெண் ஸ்டூலைப் பார்த்தாள், பிறகு சூப்பர்வைசர் நின்ற திசையைப் பார்த்தாள். இலைப்பச்சைப் புடவையை மடித்து அந்த அடுக்கின் மேலேயே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். யார் மனத்தில் என்ன இருக்கிறது என்று படிக்க அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.